குருணை சிறுத்தால் உலோகம் உறுதியாகுமா?

செப்புக் கம்பியை வளைத்தால் வளைந்தபடியே நிற்கிறது. உள்ளே அணுக்கள் இடம் மாறிவிட்டன. எப்படி? 1926-ல் யாக்கோவ் ஃப்ரெங்கல் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓர் அணு அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர வேண்டுமென்றால், தூய உலோகப் படிகத்துக்கு நிஜத்தில் தேவைப்படுவதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான விசை வேண்டும் என்று விடை வந்தது. கணக்கு சரிதான், உலோகம்தான் அப்படி நகர்வதில்லை!

1934-ல் டெய்லர், ஒரோவான், பொலானி மூவரும் தனித்தனியே ஒரே பதிலைச் சொன்னார்கள். பெரிய ஜமக்காளத்தை முழுசாக இழுப்பது கஷ்டம். ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பித் தள்ளிக்கொண்டே போனால் சுலபமாக நகரும். அணு வரிசையிலும் அப்படி ஒரு மடிப்பு உண்டு. பெயர் டிஸ்லொகேஷன்.

உலோகம் என்பது நுண்ணிய படிகக் குருணைகள் இடைவெளியில்லாமல் ஒட்டிய கட்டி. ஓடி வரும் மடிப்பு குருணையின் எல்லையில் முட்டி நிற்கும். குருணை சிறுத்தால் எல்லைகள் அதிகம், உறுதியும் அதிகம். இதை 1951-ல் ஹாலும் 1953-ல் பெட்சும் சூத்திரமாக்கினார்கள். குருணையின் விட்டம் நூறில் ஒரு பங்கானால், எல்லைகளால் கிடைக்கும் உறுதி பத்து மடங்காகும்.

அப்படியானால் குறைத்துக்கொண்டே போகலாமே? (ஏறுகிற விற்பனைக் கோட்டை அடுத்த பத்து வருஷத்துக்கு நீட்டிவிடுகிறவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு.) 1980-களில் ஜெர்மனியில் ஹெர்பர்ட் கிளைட்டர், உலோகத்தை ஹீலியத்தில் ஆவியாக்கி, குளிர்ந்த பரப்பில் படிந்த பொடியைச் சுரண்டி அழுத்தி, சில நானோமீட்டர் அளவே உள்ள குருணைகளால் ஆன கட்டியைச் செய்தார். 1989-ல் அவரும் சோக்ஷி முதலிய சகாக்களும் செம்பு, பல்லேடியத்தின் கடினத்தை அளந்தால்... கோடு இறங்குகிறது! சிறுக்கச் சிறுக்க உலோகம் மிருதுவாகிறது.

பலர் நம்பவில்லை. பொடியை அழுத்திச் செய்ததில் நுண்துளைகள் இருக்கும், அதுதான் காரணம் என்றார்கள். நியாயமான சந்தேகம். துளையே இல்லாத செம்புக்கு எங்கே போவது?

கணினிக்குள் போனார்கள். 1998-ல் டென்மார்க்கில் ஷியோட்ஸ் குழுவினர் அணு அணுவாக அடுக்கிய, துளையில்லாத கணினிச் செம்பும் மிருதுவானது. 2003-ல் ஷியோட்ஸும் யாகோப்சனும் 10 கோடி அணுக்கள் வரை வைத்து உச்சத்தையே காட்டினார்கள். 10 முதல் 15 நானோமீட்டர். அதற்குக் கீழே மடிப்புகளின் வேலை குறைந்து, குருணைகளே எல்லையோரமாக ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன. தடுப்புச் சுவரே வழுக்குப் பாதையாகிவிட்டது.

ஆனால் கணினியில் இழுத்த வேகம் வழக்கமான சோதனைக்கூட இழுவையைவிட மிக மிக அதிகம். நிஜ உலோகத்தில் எல்லை வழுக்காமல் பிடித்து வைக்க முடியுமா? 2017-ல் சீனாவில் கே லூ குழுவினர் நிக்கலோடு மாலிப்டினம் சேர்த்து, அளவாகச் சூடாக்கி எல்லைகளை நிலைப்படுத்தினார்கள். இறங்கியிருந்த கடினம் திரும்ப ஏறியது.