மடிக்கணினிச் செயலிகளின் வேகப் போட்டி

மடிக்கணினிக்கான மையச் செயலியை வடிவமைக்கும் பெரிய நிறுவனங்கள் நான்கு: இன்டெல், ஏஎம்டி, ஆப்பிள், குவால்கம். தன் சில்லே வேகமானது, தன் சில்லே பற்றரியைச் சிக்கனமாகச் செலவிடுவது என்று ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் எண்களோடு அறிவிக்கிறது. அந்த எண்களில் அப்பட்டமான பொய் குறைவு. ஆனால் எந்த நிரலை ஓட்டுவது, எத்தனை வாட் கொடுப்பது, எத்தனை நிமிடம் ஓடவிடுவது, எதிராளியின் எந்த மாதிரியோடு ஒப்பிடுவது என்பவற்றையெல்லாம் எண்ணைச் சொல்பவரே தீர்மானிக்கிறார். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் பெற்ற எண், இலங்கையின் வெப்பமான திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீட்டிலோ கடையிலோ அதே அளவில் கிடைப்பதில்லை. ஆகவே இந்தப் போட்டியின் வரலாறு பெரும்பகுதி அளவுகோலைப் பற்றிய சண்டையின் வரலாறு.

பூசலின் தொடக்கம்

இன்டெல் 1968இலும் ஏஎம்டி 1969இலும் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டன. முதலில் இவை எதிரிகளாக இருக்கவில்லை. தன் கணினிக்கான சில்லு ஒரே நிறுவனத்தை நம்பி இருப்பதைக் கணினித் தயாரிப்பாளரான ஐபிஎம் விரும்பாததால், 1982இல் இன்டெலின் வடிவமைப்பை ஏஎம்டியும் தயாரிக்க வழிசெய்யும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 80386 என்னும் அடுத்த சில்லின் வடிவமைப்பை இன்டெல் பகிர மறுத்தபோது உறவு முறிந்தது. ஏஎம்டி தானாகவே ஒத்த சில்லொன்றை உருவாக்கி 1991இல் விற்பனைக்கு விட்டது. வழக்குகள் 1995 வரை நீண்டன.

அதே 1991இல், வெறும் எண்ணை வணிகக் குறியாக உரிமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் கூறியது. அதனால்தான் 586 என்று வந்திருக்க வேண்டிய சில்லு 1993இல் பென்டியம் என்ற பெயரோடு வந்தது. "இன்டெல் இன்சைட்" விளம்பர இயக்கமும் 1991இல் பிறந்ததே. அந்த ஒட்டியைப் பதிக்கும் கணினித் தயாரிப்பாளர்களின் விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் ஏற்றது. பெட்டிக்குள் மறைந்திருக்கும் ஓர் உறுப்பின் பெயரை வாங்குபவர் கேட்டு வாங்கும் நிலை அதனால் வந்தது.

கடிகார வேகம்

1990களின் வாங்குநருக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் மெகாஹேர்ட்ஸ். 2000 மார்ச் 6ஆம் திகதி ஏஎம்டி ஒரு கிகாஹேர்ட்ஸ் சில்லை அறிவித்தது. இரண்டு நாள் கழித்து இன்டெலும் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த பென்டியம் 4, கடிகார வேகத்தை மேலும் உயர்த்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஒரு கட்டளையைச் செய்து முடிக்கும் வேலையைப் பல சிறு படிகளாக உடைத்தால் ஒவ்வொரு படியும் விரைவாக முடியும், துடிப்பு எண்ணிக்கை கூடும். ஆனால் ஒரு துடிப்பில் முடியும் வேலை குறையும். வள்ளம் வலிப்பவர் துடுப்பை எத்தனை முறை வீசுகிறார் என்பது ஒன்று, ஒரு வீச்சில் வள்ளம் எவ்வளவு தூரம் போகிறது என்பது வேறொன்று. இரண்டையும் பெருக்கினால்தான் வேகம்.

இதை விளக்க ஏஎம்டி எடுத்த வழி துணிச்சலானது. 2001 ஒக்டோபரில் வந்த அத்லன் எக்ஸ்பி வரிசையில் 1533 மெகாஹேர்ட்ஸில் ஓடும் சில்லுக்கு 1800+ என்று பெயரிட்டது. வாங்குநர் அந்தப் பெயரை 1800 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் 4உடன் ஒப்பிட்டுக்கொண்டார். அளவுகோல் பிழையானது என்று சொல்ல வந்த நிறுவனம், அதே அளவுகோலின் மொழியில்தான் பேச வேண்டியிருந்தது.

கடிகார வேகத்தின் மதிப்பு முதலில் சரிந்தது மடிக்கணினியில்தான். பென்டியம் 4 மேசையில் பெரிய விசிறியோடு ஓடலாம். மடியில் அது அனலைக் கக்கியது, பற்றரியைத் தின்றது. இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெலின் அணி உருவாக்கிய பென்டியம் எம், 2003 மார்ச்சில் சென்ட்ரினோ என்ற பெயரின் கீழ் வந்தது. 1.6 கிகாஹேர்ட்ஸில் ஓடிய அந்தச் சில்லு, அதைவிடக் கூடுதல் கடிகார வேகமுள்ள பென்டியம் 4 மடிக்கணினிகளை முந்தியது. 2004 ஒக்டோபரில் நான்கு கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. 2006இல் வந்த கோர் வரிசை, பென்டியம் எம் காட்டிய வழியில் நடந்தது.

சோதனை நிரல்களும் வழக்குகளும்

கிகாஹேர்ட்ஸ் போன இடத்துக்குப் பெஞ்ச்மார்க் வந்தது. குறித்த வேலையைச் செய்துகாட்டி மதிப்பெண் வழங்கும் நிரல் அது. அந்த வேலையைத் தெரிவுசெய்பவர் கையில் அதிகாரம் இருந்ததால் தகராறுகள் தொடர்ந்தன. பென்டியம் 4 வெளிவந்த காலத்தில் சில சோதனை நிரல்களை இன்டெல் தனக்குச் சாதகமாக அமையச் செய்தது என்று அமெரிக்க வாங்குநர்கள் தொடுத்த வழக்கு 2014இல் சமரசத்தில் முடிந்தது. 2000 நவம்பர் 20 முதல் 2002 ஜூன் 30 வரை அச்சில்லுள்ள கணினி வாங்கியோர் 15 டொலர் கோரலாம் என்றானது. இன்டெல் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. இதற்கிடையே 2011இல், சிஸ்மார்க் நிரலை வெளியிடும் பாப்கோ கூட்டமைப்பிலிருந்து ஏஎம்டி வெளியேறியது. எண்ணைத் தரும் வேலைகள் நடுநிலையானவை அல்ல என்பது அதன் முறைப்பாடு. வேறு சில்லு நிறுவனங்களான என்விடியாவும் வியாவும் அதே வேளையில் விலகின.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு களம் கம்பைலர். மனிதர் எழுதும் நிரலை எந்திரக் கட்டளையாக மாற்றித் தருவது அதுவே. இன்டெலின் கம்பைலர் உருவாக்கிய நிரல்கள், சில்லு யாருடையது என்று பார்த்து, இன்டெல் அல்லாதவற்றில் மெதுவான பாதையில் ஓடின. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் 2010இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இதை இன்டெல் வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. இந்தப் பழக்கம் அத்துடன் ஓயவில்லை. 2024 பெப்ரவரியில் ஸ்பெக் என்னும் தர அமைப்பு, ஒரு குறிப்பிட்ட சோதனைக்கென்றே இன்டெல் கம்பைலர் வளைக்கப்பட்டிருந்தது என்று கூறி, 2600க்கும் மேற்பட்ட முடிவுகளின் மேல் தகுதியின்மைக் குறிப்பைப் பதிந்தது. அவை சேவையகச் சில்லுகளின் முடிவுகள். ஆயினும் மதிப்பெண் எப்படிப் பெறப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

ஏஎம்டியின் கணக்கும் நீதிமன்றம் சென்றது. எட்டு கோர் (கட்டளைகளைத் தனித்தனியே செய்யும் பகுதி) என்று விற்கப்பட்ட புல்டோசர் சில்லுகளில் இரண்டிரண்டு கோர்கள் சில உறுப்புகளைப் பகிர்ந்துகொண்டதால் அவற்றை எட்டென்று எண்ணலாமா என்று கேட்ட வழக்கை, 2019இல் 1.21 கோடி டொலர் கொடுத்து அது முடித்தது.

இரு தரப்பும் தமக்கு உவந்த சோதனையை முன்வைப்பது இன்றும் தொடர்கிறது. ஏஎம்டியின் ரைசன் வரிசை 2017இல் வந்தபின், முப்பரிமாணப் படத்தை உருவாக்கி வேகத்தை அளப்பதும் கோர்கள் கூடக்கூட மதிப்பெண் கூடுவதுமான சினிபெஞ்ச் நிரல் அதன் மேடைகளில் நிலையான இடம் பெற்றது. முப்பரிமாணப் படங்களை உருவாக்குவோர் எத்தனை பேர் என்று 2019இல் இன்டெல் கேட்டது. கேள்வி நியாயமானது, இன்டெலே முன்பு சினிபெஞ்சைக் காட்டி விற்றது என்பதும் உண்மை.

வாட், நேரம், வெயில்

மடிக்கணினிச் செயலியின் வேகம் நிலையான எண் அன்று. இன்டெலின் ஐ7-1260பி சில்லின் அடிப்படை மின்திறன் 28 வாட். குறுகிய நேர உச்சம் 64 வாட். வேலை தொடங்கியதும் சில்லு உச்சத்தில் பாய்கிறது, சில பத்து வினாடிகளில் வெப்பம் ஏறியதும் இறங்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் முடியும் சோதனை பாய்ச்சலை மட்டும் அளக்கும். 2020இல் வந்த சினிபெஞ்ச் ஆர்23 பத்து நிமிடம் தொடர்ந்து ஓட்டுவதை இயல்பு நிலையாக்கியது இதனால்தான். ஒரே சில்லைக் கொண்ட இரு மாதிரிகளில் ஒன்று மெல்லியதாகவும் மற்றது தடித்ததாகவும் இருந்தால் பத்தாவது நிமிடத்தில் அவை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

சில்லின் வெப்ப வரம்பு பொதுவாக 100 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். விசிறியும் செப்புக் குழாயும் வெளியேற்றும் வெப்பம், சில்லுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்ப இடைவெளிக்கு ஏற்ப அமையும். 25 பாகை அறையில் இடைவெளி 75. திருகோணமலையில் மே முதல் ஓகஸ்ட் வரை, கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாய் வீசும் நாள்களில், பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும். இடைவெளி 65 ஆகச் சுருங்கும். ஆய்வுகூடத்தில் தொடர்ந்து 30 வாட் தாங்கிய மடிக்கணினி அங்கே ஏறத்தாழ 26 வாட்டையே தாங்கும். வேகம் அதே விகிதத்தில் விழாது. உச்சத்துக்கு அருகில் சிறிது வேகத்துக்கே நிறைய மின்சாரம் செலவாவதால் இழப்பு அதைவிடக் குறைவு. ஆனால் மெல்லிய மாதிரிகளில் சில்லின் வெப்பத்துக்கு முன்பே கைபடும் புற உறையின் வெப்பம் வரம்பாகிவிடும். அந்த வரம்பை 45 பாகை என்று வைத்தால், அறை 25இலிருந்து 35க்கு ஏறும்போது இடைவெளி 20இலிருந்து பாதியாகிறது. விசிறியே இல்லாத மடிக்கணினிக்கு இது கடுமையான சோதனை. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்கும் மாணவருக்கு நீண்ட நேரம் ஓடும் கணிப்புகள் அன்றாட வேலை. அவருக்குப் பயன்படும் எண், முதல் நிமிடத்தின் எண் அன்று, இருபதாம் நிமிடத்தின் எண். விளம்பரங்கள் அந்த எண்ணை அச்சிடாதது வாங்குநருக்கு இழைக்கப்படும் அநீதி.

மின்செருகியில் அளந்த வேகம் பற்றரியில் கிடைக்குமா என்பதும் இதைச் சேர்ந்ததே. ரைசன் 4000 மடிக்கணினிகள் பற்றரியில் ஓடும்போது வேகத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன என்று 2020 நவம்பரில் இன்டெல் சுட்டிக்காட்டியது. போட்டியாளரின் கூற்று என்பதால் அது பொய்யாகிவிடாது. பற்றரி நீடிக்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லாததால் முழுமையாகவும் ஆகாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட இலங்கையில் இரண்டு எண்களும் வேண்டியிருந்தன.

ஆப்பிளும் குவால்கமும்

2020 நவம்பரில் ஆப்பிள் தன் மடிக்கணினிகளில் இன்டெலைக் கைவிட்டு எம்1 சில்லுக்கு மாறத் தொடங்கியது. தைவானின் டிஎஸ்எம்சி ஐந்து நனோமீற்றர் முறையில் தயாரித்த அச்சில்லு, விசிறியற்ற மக்புக் எயாரில், அன்றைய மெல்லிய மடிக்கணினிகளை விஞ்சியது. சாதனை மெய்யானது. ஆனால் அதை அறிவித்த வரைபடங்களின் அச்சுகளில் போதிய அளவு குறிக்கப்படவில்லை. ஒப்பிட்ட மாதிரி எதுவென்றும் மேடையில் தெளிவாகச் சொல்லப்படவில்லை. இவ்வளவு நல்ல சில்லுக்கு அந்த மறைப்பு தேவைப்பட்டிருக்கவில்லை.

ஆப்பிளின் முன்னாள் பொறியியலாளர்கள் தொடங்கிய நூவியாவை 2021இல் வாங்கிய குவால்கம், 2024 ஜூனில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் மடிக்கணினிகளோடு களத்தில் இறங்கியது. பற்றரி நீடிப்பு அதன் பலம். இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கென்று எழுதிய நிரல்கள் அதில் மொழிமாற்றி வழியே மெதுவாக ஓடும். பழைய அச்சுப்பொறி, ஸ்கேனர்களின் டிரைவர்களோ மொழிமாற்றிக்குள் அடங்குவதே இல்லை. புதிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அழைப்பிதழும் துண்டுப்பிரசுரமும் அச்சிடும் சிறு கடைக்கு வேகத்தைவிட இதுவே பெரிய கேள்வி.

அதே 2024இல் டொப்ஸ் என்ற புதிய எண் புகுந்தது: வினாடிக்கு இலட்சம் கோடிக் கணக்கில் செய்யக்கூடிய செயற்கை நுண்ணறிவுக் கணிப்புகள். மைக்ரோசொஃப்ட் 40 என்று கீழெல்லை வகுத்தது. குவால்கம் 45, இன்டெல் 48, ஏஎம்டி 50 என்று அறிவித்தன. இது கோட்பாட்டு உச்சம். அந்தக் கணிப்புகளுக்கென்று சில்லில் வைத்த உறுப்பைப் பயன்படுத்தும் நிரல்கள் அப்போது சிலவே. 1990களின் மெகாஹேர்ட்ஸ் போலவே ஒற்றை எண்ணில் அடங்குவதால்தான் விளம்பரத்துக்கு இது இவ்வளவு பிடித்துப்போனது.

பெயர்களும் சந்தையும்

2022இல் வந்த ரைசன் 5 7520யு, பெயரில் 7000 வரிசையைச் சேர்ந்தது; உள்ளிருப்பதோ 2019இல் அறிமுகமான சென் 2 வடிவமைப்பு. அதை வெளிப்படுத்தும் இலக்கம் பெயரின் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரில் இன்டெல் இதைப் போலி மருந்து விற்பனைக்கு ஒப்பிட்டு விளக்கப்படங்கள் வெளியிட்டது, பின்னர் நீக்கியது. அடுத்த மாதமே தன் முந்தைய தலைமுறை வடிவமைப்பைக் கோர் 7 150யு என்ற புதுப் பெயரில் அதுவும் கொண்டுவந்தது.

2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, இலங்கையில் புதிய மடிக்கணினி பலருக்கு எட்டாப் பொருளாயிற்று. பாவித்த மடிக்கணினியை நாடுவோருக்குச் சில்லின் பெயரைவிட மடிக்கணினியின் உடல்நிலை முக்கியம். துறைமுக ஊரின் உப்புக் காற்றும் தூசியும் விசிறித் தகடுகளில் படியும். சில்லுக்கும் செப்புக் குழாய்க்கும் இடையிலுள்ள வெப்பப் பசை ஆண்டுகளில் காய்ந்துபோகும். தகடுகளைத் துடைத்துப் பசையை மாற்றினால் சில்லு இழந்த வேகத்தின் பெரும்பகுதி திரும்பும். ஒற்றை ரேம் பட்டை மட்டும் பொருத்தி விற்கப்படும் மாதிரிகளில், சில்லோடு இணைந்த வரைகலைப் பகுதிக்கு நினைவக வழி பாதியாக இருக்கும். இணையாக இரண்டாவது பட்டை சேர்த்தால் அந்த வழி இரட்டிப்பாகும். பட்டைகள் பலகையோடு பற்றவைக்கப்பட்ட மாதிரிகளில் அதற்கு இடமில்லை.