துஞ்சிய பெரியோரைச் சோழர் போற்றிய முறை

குடும்பத்தின் மூத்தவர் மறைந்த பின்னர் அவரை எவ்வாறு போற்றுவது என்னும் வினா இன்று புதிதாக எழுந்ததன்று. இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை எண்ணிய திருவள்ளுவர், மறைந்த முன்னோராகிய தென்புலத்தாரை முதற்கண் வைத்தார். அக்கடமையை ஒரு குடும்பத்தார் வழிவழியாக நிறைவேற்றிய வரலாறு கல்வெட்டுக்களில் இன்றும் நின்று நிலவுகின்றது. அக்குடும்பம் தஞ்சைச் சோழர் குடும்பமாகும்.

நம் முன்னோர் அரசரின் மறைவைக் குறிக்கும்பொழுது ‘இறந்தார்’ என்னாது ‘துஞ்சினார்’ என்றே குறித்தனர். துஞ்சுதல் என்பது உறங்குதல். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றும், காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி என்றும் சங்ககாலச் சோழரைப் புறநானூற்றுக் குறிப்புக்கள் சுட்டும். மறைந்த இடத்தின் பெயரே மறைந்தவரின் பெயரோடு ஒன்றிவிட்டது. பிற்காலச் சோழரும் இவ்வழக்கைக் கைவிடவில்லை.

முதலாம் ஆதித்த சோழன் கி.பி. 907-ஆம் ஆண்டளவில் தொண்டைமானாற்றூரில் துஞ்சினான். அவ்வூர் காவிரிக்கரையில் உள்ளதன்று. நெடுந்தொலைவில் காளத்திக்கு அருகே, இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. அவன் மகன் முதலாம் பராந்தகன், தந்தை துஞ்சிய அவ்வூரிலேயே சிவன் கோயில் ஒன்று எடுப்பித்தான். மறைந்த பெரியோரைப் பள்ளிப்படுத்த இடத்தில் எழும் இத்தகைய கோயிலுக்குப் பள்ளிப்படை என்பது பெயர். பராந்தகனது 34-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அக்கோயிலில் விழா நடத்துவதற்கும் உணவளிப்பதற்கும் செய்த ஏற்பாட்டைக் கூறுகின்றது. தந்தை மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரும், தானே முதுமை எய்திய மகன் அவரை மறந்திலன் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

பராந்தகனுடைய மகன் அரிஞ்சயன் மிகக் குறுகிய காலமே அரசாண்டான். கி.பி. 949-இல் தக்கோலப் போரில் அவன் தமையன் இராசாதித்தன் யானைமேல் துஞ்சியதும், தொண்டைநாடு இராட்டிரகூடர் கைப்பட்டதும் சோழர்க்கு நேர்ந்த பெருந்துயரங்கள். அத்துயரம் நீங்கா நாளில் முடி சூடிய அரிஞ்சயன் ஆற்றூரில் துஞ்சினான். வரலாற்றில் அவனுக்கெனப் பெருவெற்றி ஒன்றும் எழுதப்படவில்லை. ஆயினும் அவன் பேரன் முதலாம் இராசராசன், கி.பி. 985-இல் அரியணை ஏறிய பின்னர், ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ ஆகிய தன் பாட்டனுக்குப் பள்ளிப்படையாக அரிஞ்சிகை ஈச்சுரம் என்னும் கோயிலை எடுப்பித்தான். தஞ்சையில் விண்ணளாவிய விமானம் கண்ட அவ்வேந்தன், பாட்டன் நினைவைத் தொண்டை நாட்டு மேற்பாடியில் நிறுவினான். வேலூர் மாவட்டத்தில் பொன்னை ஆற்றங்கரையில் உள்ள அவ்வூரில் அச்சிறு கற்றளி இன்றும் உள்ளது. பாட்டன் பெரும்புகழ் பெற்றவனா என்று பேரன் ஆராயவில்லை. அவன் தன் பாட்டன் என்பதே அவனுக்குப் போதியதாயிற்று.

மகளிரும் இக்கடமையில் பின்னிற்கவில்லை. அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ எனப்பட்டான். அவன் மகளும் இராசராசனின் தமக்கையுமாகிய குந்தவைப் பிராட்டியார், தஞ்சைப் பெரிய கோயிலில் தம் தந்தைக்கும் தாய்க்கும் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவித்தார். அவ்வளவில் அமையாது, தந்தையின் பெயரால் தஞ்சையில் விளங்கிய சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலைக்கு நிலமும் வழங்கினார். ஆதுலசாலை என்பது நோயுற்றோரைப் பேணும் மருத்துவமனை. தம் தந்தையை ஒருநாளும் கண்டறியாத நோயாளரும் அவர் பெயரால் நலம் பெறுமாறு அப்பெருமாட்டி செய்தார்.

கோயிலும் படிமமும் எடுக்க இயலாதவரும் செய்யக்கூடிய ஒன்றையும் இக்குடும்பத்தில் காணலாம். பெயரன் என்ற சொல்லே பேரன் என வழங்குகின்றது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். அரிஞ்சயன் தன் தந்தை பராந்தகனின் பெயரைத் தன் மகனுக்கு இட்டான்; சுந்தர சோழனே இரண்டாம் பராந்தகன். அவனோ, தொண்டைமானாற்றூரில் துஞ்சிய ஆதித்தனின் பெயரைத் தன் மூத்த மகனுக்கு வைத்தான்.

இனி, அக்காலத்து விளக்கறம் ஒன்றையும் நோக்குவோம். கோயிலில் நந்தா விளக்கு எரிப்பதற்கு 96 ஆடுகள் விடுவது பெருவழக்கு. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளைக் கல்வெட்டுக்கள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அழைக்கும். சாகாத ஆடு உலகில் உண்டோ? மூத்தவை கழியக் கழியக் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாது காத்தமையால் மந்தை சாவாது மூவாது நின்றது, விளக்கும் எரிந்தது. குடும்பத்தின் நினைவும் இத்தகையதே. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்கு நெய்யை அளந்தாலன்றி அவ்விளக்கு எரியாது.

பிழைப்பை நாடி ஊர் துறந்து இங்கு வந்து, நம்மை ஆளாக்கி, இம்மண்ணிலேயே துஞ்சிய பெரியோர் நம் காலனியில் பல இல்லங்களில் உண்டு. அவர்கள் ஊருக்கு எழுதிய தமிழ்க் கடிதங்களைப் படிக்க இயலாத பேரப்பிள்ளைகளும் அவ்வில்லங்களில் உண்டு. கூடத்தில் தொங்கும் படத்திற்கு மாலை இடுவதோடு நம் கடன் தீர்ந்துவிடுமா? அவர் பிறந்த ஊர், இங்கு வந்த ஆண்டு, செய்த தொழில், பட்ட பாடு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். எழுதியதைப் படிக்கும் அளவிற்கேனும் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிப்போம். ஆண்டுக்கொரு நாள் அவர் பெயரால் ஓர் ஏழை மாணவனுக்கு நூலோ, பசித்தவர்க்கு உணவோ வழங்குவோம். கல் எடுப்பிக்க அரச செல்வம் வேண்டும். உழக்கு நெய் எவ்வில்லத்தாலும் அளக்க இயலும்.