முழுப் பல்தொகுதியின் அசைவு

முழுப் பல்தொகுதி என்பது ஒரு தாடையில் இயற்கைப் பற்கள் எவையும் எஞ்சியிராத நிலையில் அணியப்படும், கழற்றி மாட்டத்தக்க செயற்கைப் பல்வரிசை ஆகும். பேச்சு வழக்கில் இது பல்செட்டு எனப்படும். இயற்கைப் பல் எலும்பில் வேரூன்றி நிற்பது. இதுவோ ஈறின் மென்மையான திசுமீது தங்கியிருப்பது. ஆகவே பயன்பாட்டின்போது சிறிதளவு அசைவது இயல்பே. சற்றும் அசையாத பல்செட்டு என்று ஒன்று இல்லை.

மேலும் கீழும்

மேல்தாடைத் தொகுதி அண்ணத்தை மூடியிருக்கும். இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலமும், விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் திசுக்களும் அதனைப் பிடித்து வைக்கின்றன. கீழ்த்தாடைத் தொகுதி குதிரை லாட வடிவினது. அதன் தாங்குபரப்பு மேலதில் ஏறக்குறையப் பாதியே. நாக்கும் அதனை ஓயாது தள்ளுகின்றது. பல் இழந்தபின் கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைப் போல் சுமார் நான்கு மடங்கு தேய்வதை டால்கிரென் 1972-இல் வெளியிட்ட நெடுங்கால ஆய்வு காட்டியது. பெரும்பாலோர் கீழ்த்தொகுதியையே குறை கூறுவதன் காரணம் இதுவே.

அன்றாடப் பயன்பாட்டில்

முன்பற்களால் கடித்தால் மேல்தொகுதியின் பின்பகுதி கீழிறங்கும். ஒருபுறமாக மென்றால் மறுபுறம் எழும்பும். அதிரசம், எள்ளுருண்டை போன்ற ஒட்டும் பண்டங்கள் வாய் திறக்கையில் தொகுதியை இழுத்துவிடும். முறுக்கை உடைத்து, சிறு துண்டுகளாக இருபுறமும் ஒருசேர மெல்லுதல் நன்று.

வாய் உலர்ந்தாலும் பிடிப்புத் தளரும். திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளை ஏறும் முதியவர் வாயால் மூச்சுவிடும்போது உமிழ்நீர்ப் படலம் குறைகின்றது. மேல்தொகுதி நழுவுவது போல் தோன்றும். சற்று இளைப்பாறி நீர் அருந்தினால் இது பெரும்பாலும் சரியாகும். சில மருந்துகளும் வாயை உலர்த்துவன.

பேச்சிலும் மாற்றம் தெரியும். த, ந ஆகியன நாக்கு மேற்பல்லைத் தொடுவதால் பிறப்பன என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலே கூறுகின்றது. ழ, ள, ண ஆகியவற்றுக்கு நாக்கு மேல்நோக்கி வளையும் இடத்தில் இப்போது தகட்டின் தடிப்பு உள்ளது. சில வாரங்களில் நாக்கு இதற்குப் பழகிக்கொள்ளும்.

மிகை அசைவு

எலும்பு தேயத் தேய, ஒருகாலத்தில் பொருந்திய தொகுதியும் தளர்ந்து ஈறை உரசிப் புண்ணாக்கும். பல்செட்டுப் புண் என்று எண்ணிப் பலர் இதனைப் பொறுத்துக்கொள்வர், இது ஆபத்தானது. இரு வாரங்களில் ஆறாத புண்ணை, குறிப்பாக வெற்றிலை பாக்கு, புகையிலை மெல்லுவோர், மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது வாய்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். தொகுதியை வீட்டில் அரத்தால் ராவுதல் கூடாது.

தளர்ந்த தொகுதியின் உட்புறத்தில் புதிய அக்ரிலிக் படலம் இட்டுப் பொருத்தத்தை மீட்கலாம். கீழ்த்தாடையில் இரு பதியங்களை எலும்பில் பொருத்தி அவற்றின்மீது தொகுதியை மாட்டும் முறையை, முதல் தெரிவாக 2002-இல் கனடாவின் மாக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். இதன் செலவு சாதாரண பல்செட்டைவிடப் பன்மடங்கு ஆகும்.