மலைநாட்டுத் தேயிலையும் வடபுலத்துக் காசுக்கட்டளையும்

1867ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்தினூடாகக் காங்கேசன்துறை வரை செல்லும் பாதையோ 1905ஆம் ஆண்டிலேதான் நிறைவெய்தியது. இடையிலே முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. இவ்விடைவெளி தற்செயலாக நேர்ந்ததன்று. கண்டிப் பாதை மனிதர்க்காக இடப்பட்டதென்பதிலும் கோப்பிக்காக இடப்பட்டதென்பதே பொருந்தும். மலையிலே விளைந்த கோப்பி மாட்டுவண்டிகளில் ஏறி, கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து, நாட்கணக்காக ஊர்ந்து துறைமுகத்தை அடைந்த காலம் அது. வடக்கிலே அவ்வளவு விரைவாக ஏற்றியிறக்க வேண்டிய ஏற்றுமதிச் சரக்கு இல்லை. ஆகவே வடபகுதி காத்திருந்தது.

செல்வம் விளையும் மண்ணிலே மக்கள் செழித்திருப்பர், வறண்ட மண்ணிலே மக்கள் வாடியிருப்பர் என்று பொதுவாக எண்ணுகிறோம். நம் தீவின் கடந்த நூற்றெழுபது ஆண்டு வரலாறு இவ்வெண்ணத்துக்கு இடந்தருவதாயில்லை. நாட்டின் அந்நியச் செலாவணியைப் பல தசாப்தங்களாக ஈட்டித்தந்த மலைச்சரிவுகளிலே கொழுந்து பறித்தோர் வறியோராகவே இருந்தனர். ஆறில்லாத, சுண்ணாம்புக்கல்லின்மேற் கிடக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ, கிணற்று நீரையும் புகையிலையையும் பனையையும் நம்பியிருந்த குடிகளிடையே, வசதி படைத்த நடுத்தர வகுப்பொன்று எழுந்தது. இவ்விரு பகுதிகளிலும் நிகழ்ந்த குடிப்பெயர்ச்சிகளை அருகருகே வைத்து நோக்கினாலன்றி இதன் காரணம் புலனாகாது.

முதலிலே மலைநாட்டை நோக்குவோம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரித்துக்குச் சான்று காட்டப்படாத காட்டையும் தரிசையும் அரசுக்கு உரியதாக்கிற்று. அந்நிலங்கள் தோட்டக்காரருக்கு மலிந்த விலையில் விற்கப்பட்டன. கண்டிக் கிராமத்தவர் தம் வயலை விட்டுத் தோட்டத்திலே நிரந்தரக் கூலிகளாக வாழ விரும்பினாரல்லர். அதனாலே திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாக மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்களுள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர்.

கோப்பிக் காலத்திலே இவர்கள் பெரும்பாலும் பருவகாலத் தொழிலாளர். காய் பறிக்கும் மாதங்கள் முடிந்ததும், மிஞ்சிய காசை மடியிலே முடிந்துகொண்டு ஊர் திரும்புதல் அவர்களுக்கு இயலுமாயிருந்தது. 1869இலே கோப்பியிலையிற் கண்ட நோய் இந்நிலையைத் தலைகீழாக்கிற்று. இரு தசாப்தங்களுக்குள் கோப்பி அழிந்து, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். பெண்ணின் கையும் சிறுவரின் கையும் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயன் அறைகளிலே நிலைகொண்டன. போய்வரும் கூலி குடியிருக்கும் கூலியாக மாறினான். ஆனால் அவன் குடியிருந்த அறையும் அதைச் சூழ்ந்த நிலமும் தோட்டத்துக்கே உரியனவாயிருந்தன.

அவனைக் கட்டிவைத்தது நிலம் மாத்திரமன்று, கடனுமாகும். ஊரிலிருந்து அழைத்துவரும்போது கங்காணி கொடுத்த முற்பணம் அவன் பெயரிலே ஏறியது, வழிச்செலவும் ஏறியது, தோட்டத்திலே அளக்கப்பட்ட அரிசியின் விலை சம்பளத்திற் கழிந்தது. ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குச் செல்ல விரும்பினால் அதற்குத் ‘துண்டு’ வேண்டும். இன்ன கங்காணியின் ஆட்கள் இவ்வளவு தொகை தரவேண்டியுள்ளது, அதனைச் செலுத்துவோர் இவர்களை அழைத்துச் செல்லலாம் என்று துரை எழுதித் தரும் சீட்டே துண்டெனப்பட்டது. புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்த்தது. தீர்த்த தொகை மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே ஏறியது. ஆளுக்குப் போட்டி மிகுந்த காலங்களிலே துண்டின் தொகையும் வளர்ந்தது. தொழிலாளருக்குத் தட்டுப்பாடு வந்தால் கூலி உயரவேண்டுமென்பது பொருளியலார் கூறும் விதி. இங்கே உயர்ந்தது கடன்! 1921ஆம் ஆண்டின் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்த சட்டம் 1927இலே வந்தது. அதற்குள் இரண்டு மூன்று தலைமுறைகள் கழிந்துவிட்டன.

மலையிலே விளைந்த செல்வம் எங்கே சென்றது? பாதை சென்ற திசையிலே சென்றது. 1885இலே தென்மேற்கு அலைதடுப்பணை நிறைவெய்தியபின் கொழும்புத் துறைமுகம் ஓங்க, காலித் துறை மங்கிற்று. தேயிலை கொழும்பிலும் இலண்டனிலும் ஏலத்திலே விற்கப்பட்டது. கம்பனிகள் பல இலண்டனிலே பதிவுபெற்றவை. முகவர் நிறுவனங்கள் கொழும்புக் கோட்டையிலே இருந்தன. தோட்டங்களுக்கு அருகே வாழ்ந்த சிங்களக் கிராமத்தவர்தாமும் இதனாற் பெரும்பயன் பெற்றிலர். அவர்தம் காணிப் பஞ்சத்தையும் வறுமையையும் ஆராய்ந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு 1951இலே தன் அறிக்கையை வெளியிட்டது. பெருந்தோட்டம் சூழ்ந்த மலைகளிலே தோட்டத்தானும் கிராமத்தானும் ஒருவரையொருவர் ஐயுற்று நோக்கிக்கொண்டு, ஒருங்கே வறியராய் வாழ்ந்தமை நம் வரலாற்றின் கசப்பான உண்மைகளுள் ஒன்றாகும்.

இனி வடக்கே செல்வோம். அங்கே தோட்டக்காரர் நாடும் நிலம் இருக்கவில்லை, பள்ளிக்கூடம் இருந்தது. 1816இலே வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இலே வட்டுக்கோட்டையிற் செமினறியை நிறுவினர். ஆறுமுக நாவலர் 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சமயப் போட்டி கல்வியை வளர்த்தது. மிசனரிமாரும் சைவரும் தத்தம் மார்க்கத்துக்கு ஆள் தேட, எழுத்தும் கணக்கும் ஆங்கிலமும் அறிந்த இளைஞர் பெருகினர். அவர்களுக்கு ஊரிலே வேலை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஆங்கிலேயர் மலாயாவிற் புகையிரதப் பாதையும் நில அளவையும் திறைசேரியும் அமைத்தபோது, அவற்றுக்கு எழுதுவினைஞரும் நிலைய அதிபரும் வேண்டியிருந்தனர். யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறினர். மாதந்தோறும் காசுக்கட்டளை ஊருக்கு வந்தது. அக்காசிலே கல்வீடு எழுந்தது, வயல் வாங்கப்பட்டது, கோயில் புதுப்பிக்கப்பட்டது, தங்கைக்குச் சீதனம் கொடுக்கப்பட்டது. சீதனத்தின் அளவு மாப்பிள்ளையின் உத்தியோகத்தோடு ஏறியதென்பதையும் நேயர் அறிவர். கல்வியறிவு குறைந்த சிலர், விசேடமாகத் தீவுப்பகுதியினர், தென்னிலங்கைப் பட்டினங்களிலே கடை வைத்துப் பொருளீட்டினர்.

இதனைக் குடாநாட்டின் பொதுப் பெருமையாகப் பேசுதல் நேர்மையாகாது. அப்பள்ளிக்கூடங்களின் வாயில் எல்லாச் சாதியினர்க்கும் ஒருபடித்தாகத் திறந்திருக்கவில்லை. நிலமும் கிணறும் அற்றோர் கப்பலேறவில்லை; அவர்கள் பிறர் தோட்டத்திலே துலா மிதித்தனர்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறுத்தல் இயலாது. மலைநாட்டுத் தொழிலாளியும் மலாயா சென்ற எழுதுவினைஞனும் தமிழரே. ஒரே பேரரசுக்கு ஊழியஞ் செய்தவரே. பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவரே. ஒருவன் கையிலே சான்றிதழோடு சென்றான், மற்றவன் கடனோடு வந்தான். ஒருவன் நினைத்தால் வேறு பதவி தேடலாம், மற்றவனுக்குத் துண்டு வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்கும் கடமையை 1920ஆம் ஆண்டின் சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மேற் சுமத்திற்று. எனினும் பெரும்பாலான இடங்களிலே ஓராசிரியரும் ஒரு கொட்டகையுமே பள்ளியெனப்பட்டன. 1945இலே இலவசக் கல்வி நாட்டிலே பரவியபோதும் அப்பள்ளிகள் தோட்டங்களின் கையிலேயே விடப்பட்டன. 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. இதற்கிடையே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பேசுவதற்கென ஒதுக்கிவைத்தது. நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலே நிறைவேறிற்று.

வடபுலத்தின் வழியும் நெடுங்காலம் நேராயிருக்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தம் மலாயாக் கதவைச் சாத்திற்று. கொழும்பு உத்தியோகமே தஞ்சமென இருந்த நிலையில் 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் வந்தது. 1983க்குப் பின் காசுக்கட்டளை கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரலாயிற்று. 2009 வரை நீடித்த போர் முடிந்து பத்தாண்டுகளின் பின்னும், 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பிலே, முல்லைத்தீவு மாவட்டத்தில் நூற்றுக்கு 44.5 பேர் வறியோராயிருந்தனர். கொழும்பு மாவட்டத்தில் அவ்விகிதம் 2.3, நாடு முழுவதிலும் 14.3, தோட்டத்துறையிலே 33.8. பழைய பாதைகளின் தடம் இவ்வெண்களிலும் தெரிகின்றது.

தோட்டத்து இளைஞர் இப்பொழுது மலையை விட்டு இறங்குகின்றனர். கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் அவர்களைக் காணலாம்; பெண்கள் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்கின்றனர். நூறாண்டுகளுக்கு முன் வடபுலத்தார் செய்ததுபோல அவர்களும் வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர். ஆனால் மலாயாப் பணம் வந்து சேர்ந்த வீட்டுக்கு உறுதி இருந்தது. இப்பணம் சென்று சேரும் லயன் அறைகளுட் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் உறுதி இல்லை.