பனியாறு அரைத்த மாவு

நார்வேயின் மேற்கு மலைகளில் யோஸ்டெடால்ஸ்ப்ரேன் என்ற பனியாறு படுத்திருக்கிறது. ஐரோப்பாவின் பெருநிலத்தில் இதைவிடப் பெரியது இல்லை. அதன் அடியிலுள்ள பாறையிலிருந்து பெயர்ந்த ஒரு துகள் எங்கெல்லாம் போயிற்று என்பதுதான் இங்கே கதை. பள்ளியில் 'நாணயம் தன் கதை கூறல்' என்று கட்டுரை எழுதாதவர் நம்மில் குறைவு. இந்தத் துகள் வாயே திறக்காது. ஆட்கள்தான் ஏரியைத் துளைத்து அதன் கதையை எடுத்தார்கள்.

பனிக்கட்டி பாறையைவிட மென்மையானது. அதனால் மட்டும் பாறையை அரைக்க முடியாது. அடிப்புறத்தில் உறைந்து ஒட்டிய கற்களே அரைக்கின்றன. மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் பனியின் பாரம், கீழே பாறை, நடுவே கல்: திருகைதான். விழும் மாவு விரலில் தேய்த்தால் நெருடாத அளவுக்கு நைசாக இருக்கும். பனியாறு பெரிதாக இருந்தால் அரவையும் பொதுவாக அதிகம்.

கோடையில் உருகும் நீர் இந்த மாவை வாரிக்கொண்டு வெளியே வரும். அரிசி களைந்த தண்ணீர் போன்ற கலங்கல். வழியில் ஏரி குறுக்கிட்டால் வேகம் செத்து, சுமை இறங்கத் தொடங்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள துகள், குளிர்ந்த அசையா நீரில் ஒரு நாளைக்குச் சுமார் 5 மீட்டர் இறங்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ளது 20 செ.மீ. இறங்குவதே பெரிது. 20 மீட்டர் ஆழத்துக்கு அதற்கு நூறு நாள் வேண்டும். ஏரி உறைந்து, காற்றும் அலையும் அடங்கிய பிறகுதான் அதற்குத் தரை கிடைக்கும். இதனால் சில ஏரிகளில் கோடைக்கு ஒரு பட்டை, குளிர்காலத்துக்கு ஒரு பட்டை என்று அடியில் வரி விழும். சுவீடனின் நிலவியலாளர் யெரார்ட் டெ யேர் இந்த வரிகளை எண்ணி, பனியுகத்தின் பெரும் பனிப்படலம் பின்வாங்கிய காலக்கணக்கை 1910இல் ஸ்டாக்ஹோமில் நடந்த நிலவியல் மாநாட்டில் வைத்தார்.

மலைப் பனியாற்றின் கணக்கு வேறு மாதிரிச் சிக்கல். அது முன்னேறும்போது எதிரே கல்மேட்டைக் குவிக்கும். பின்வாங்கினால் மேடு நிற்கும். ஆனால் அடுத்த முறை இன்னும் நீளமாக வந்தால், பழைய மேடுகளைத் தானே உழுது அழித்துவிடும். யோஸ்டெடால்ஸ்ப்ரேனின் கிளையான நிகார்ட்ஸ்ப்ரேன் 18ஆம் நூற்றாண்டில் பள்ளத்தாக்கில் இறங்கி ஒரு பண்ணையையே நசுக்கியது. 1748இல் உச்சத்தைத் தொட்டது. அந்த வருகைக்கு எழுத்துச் சாட்சியும் மேடும் உண்டு. அதற்கு முந்தைய சிறிய வருகைகளை மேட்டில் தேடிப் பயனில்லை. பனியாறு எட்டாத தூரத்தில் கிடக்கும் ஏரிதான் எதையும் அழிக்கவில்லை.

1970களில் ஆய்வாளர் விப்யோர்ன் கார்லேன் வடசுவீடனின் ஏரிகளில் இந்தச் சாட்சியைத் தேடினார். பின்னர் அட்லே நெஸ்யேயும் கூட்டாளிகளும் மேற்கு நார்வேயில் இறங்கினார்கள். குளிர்காலத்தில் ஏரிப் பனியில் துளையிட்டு நீண்ட பிளாஸ்டிக் குழாயை அடிச்சேற்றில் இறக்குவார்கள். குழாயை நெடுக்காகப் பிளந்தால் சாம்பல் பட்டை, பழுப்புப் பட்டை, மறுபடி சாம்பல். பனியாறு அரைத்தபோது சாம்பல். அரவை நின்றபோது பாசியும் செடிக்குப்பையும் மேலோங்கிப் பழுப்பு. கண் மதிப்பை நம்பாமல், சிறிது சேற்றை உலர்த்தி எடை போட்டு, பீங்கான் கிண்ணத்தில் 550 டிகிரி உலையில் வைப்பார்கள். செடிக்குப்பை எரிந்து போகும், கல்மாவு மிஞ்சும். எடை எவ்வளவு குறைகிறது என்பதுதான் விடை. குறைவது சொற்பம் என்றால் பனியாறு வேலையில் இருந்திருக்கிறது.

துகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அதன் பாறையின் வயது கோடி ஆண்டுக் கணக்கு. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் புதைந்த இலைத் துணுக்குக்குத்தான் வயது உண்டு. கார்பன்-14 பாதியாகக் குறைய 5730 ஆண்டு ஆகும் என்ற கணக்கில் அது கிடைக்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் அந்த இலைதான்.

இப்படிப் படித்ததில் கிடைத்த பெரிய செய்தி, துகள் இல்லாத பட்டையில் இருந்தது. சுமார் 8000 முதல் 6000 ஆண்டுகளுக்கு முன்புவரையான காலத்தில் ஏரிச்சேறு பழுப்பாகவே இருக்கிறது. யோஸ்டெடால்ஸ்ப்ரேன் அன்று அனேகமாக முழுதும் உருகிப் போயிருந்தது. இன்றிருப்பது பிறகு பிறந்தது.

துகள் ஏமாற்றவும் செய்யும். வெள்ளமோ நிலச்சரிவோ பழைய மேட்டைக் கரைத்து ஏரியில் கொட்டினாலும் சேறு சாம்பலாகும். அதனால் பனியாற்று நீர் சேராத பக்கத்து ஏரியையும் துளைத்து ஒப்பிட வேண்டும். பனியாறு வளர்ந்ததற்குக் குளிர் காரணமா, கூடுதல் பனிப்பொழிவு காரணமா என்பதையும் துகள் சொல்லாது. 18ஆம் நூற்றாண்டின் அந்த வருகைக்கே, ஈரமான குளிர்காலங்களில் கொட்டிய பனிதான் முக்கியக் காரணம் என்று நெஸ்யே தரப்பு வாதிடுகிறது.

உலையிலிருந்து வெளியே வரும்போது மாவு சாம்பல் நிறமாக இருப்பதில்லை. அதிலுள்ள இரும்பு வெந்து, பெரும்பாலும் செங்கல் பொடி போலச் சிவந்திருக்கும். எடையைக் குறித்துக்கொண்டு கிண்ணத்தைக் கழுவிவிடுவார்கள்.