நாஞ்சில் நாட்டில் கடை விற்பனையும் விற்பனை வரியும்

கடை, கிட்டங்கி போன்ற வணிகக் கட்டடங்கள் கைமாறும்போது நாஞ்சில் நாட்டில் விற்பனை வரி விதிக்கப்படுவதில்லை. சரக்கு விற்றால் விற்பனை வரி, நிலமும் கட்டடமும் விற்றால் முத்திரைத் தீர்வை என்று இரண்டும் தனித்தனி. ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு பலமுறை நகர்ந்திருக்கிறது.

திருவிதாங்கூர் ஆட்சியில் 1865 முக்கியமான ஆண்டு. திவான் மாதவராவ் காலத்தில் வெளியான பண்டாரப்பாட்ட விளம்பரம், அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தவர்களுக்கு அதை விற்கவும் ஒற்றி வைக்கவும் உரிமை தந்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியாவுடன் ஏற்பட்ட வணிக உடன்பாட்டால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்துபோகும் சரக்குக்கான சுங்கத் தடைகள் பெரும்பாலும் நீங்கின. நிலமும் சரக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தடையின்றிக் கைமாறத் தொடங்கின எனலாம்.

விற்பனை வரி பிந்தையது. சென்னை மாகாணம் 1939-லேயே பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றியது. கோட்டாற்று வணிகர்கள் அதற்கு வெளியே இருந்தனர். அவர்களுக்கு உரியது கொல்லம் ஆண்டு 1125-இன் (1950) திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் இணைந்தன. வரிச் சட்டம் மாறினாலும் பழைய ஆதாரங்கள் மலையாளத்திலும் கொல்லம் ஆண்டிலுமே இருந்தன. பழைய கடைகளுக்கு வில்லங்கம் பார்ப்பவர்களுக்கு இன்றும் அது தலைவலிதான்.

எல்லைக்கோடு குறித்த பெரிய வழக்கும் சென்னை மாநிலத்திலிருந்தே போனது. கானன் டங்கர்லி நிறுவனம் கட்டுமானத்தில் பயன்படுத்திய பொருள்களுக்கு அரசு விற்பனை வரி கேட்டது. கட்டடம் எழுப்பித் தருவதற்கான ஒப்பந்தம் சரக்கு விற்பனை ஆகாது என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தர்க்கப்படி சரியானது. மாநிலங்களுக்கோ வருவாய் இழப்பு. 1982-இன் 46-வது அரசியலமைப்புத் திருத்தம் ஒப்பந்தப் பணியில் சேரும் பொருள்களுக்கு வரி விதிக்க வழிசெய்தது. அதன்பின் சிமெண்டுக்கும் கம்பிக்குமான வரி கட்டடத்தின் விலைக்குள் கலந்தது.

2017 ஜூலை 1-ல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியிலும் இதே பிரிவினை தொடர்கிறது. நிலத்துக்கும் கட்டி முடித்த கட்டடத்துக்கும் இவ்வரி இல்லை. ஆனால் நிறைவுச் சான்றிதழுக்கு முன்பே கட்டுநரிடம் பணம் கொடுத்துக் கடை வாங்கினால் பொதுவாக 18% வரி உண்டு. நிலத்துக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பதால் அது 12% ஆகிறது. நாகர்கோவிலில் 50 லட்சம் ரூபாய்க்கு இப்படி ஒரு கடை வாங்குபவர் 6 லட்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சான்றிதழ் கிடைத்த பிறகு முழுத் தொகையையும் கொடுப்பவருக்கு அது இல்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இருவருக்கும் பொது: தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் விற்பனை ஆவணத்துக்கு 7 சதவீதமும் 2 சதவீதமும்.

கடை வாடகைக்கும் 18% வரி உண்டு. வரிப் பதிவு இல்லாத உரிமையாளரிடம் கடை எடுத்திருக்கும், பதிவு பெற்ற வணிகரே 2024 அக்டோபர் 10 முதல் அதைச் செலுத்த வேண்டும். காம்போசிஷன் முறையில் வரி கட்டும் சிறு வணிகர்களுக்கு மட்டும் 2025 ஜனவரியில் விலக்கு கிடைத்தது.