ஒரு தும்மல் மாத்திரையின் கதை

சித்தூர், திருப்பதி பக்கத்திலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள் என்றால் பெட்டியில் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் நடுவே ஒரு மருந்துப் பை கட்டாயம் இருக்கும். பிரஷருக்கு, சுகருக்கு, ஆறு மாசத்துக்கு எண்ணி எடுத்து வந்த மாத்திரைகள். இங்கே வசந்தம் வந்து மகரந்தம் மூக்கில் ஏறியதும், பக்கத்துக் கடையில் அலர்ஜி மாத்திரை வாங்கிக் கொடுப்போம். சும்மா தும்மல் மாத்திரைதானே! அந்தச் 'சும்மா'வுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறதுங்க.

அமெரிக்காவில் பெனட்ரில் வந்தது 1946ல். தும்மல் நிற்கும், கூடவே தூக்கமும் வரும். தூக்கம் வராத மாத்திரை என்று 1985ல் அங்கே டெர்ஃபெனடின் வந்தது. செல்டேன் என்ற பெயரில் சக்கைப்போடு போட்டது. 1990ல் ஒரு மருத்துவ இதழில் ஒரு கட்டுரை. 39 வயதுப் பெண், அலர்ஜிக்கு டெர்ஃபெனடினும் பூஞ்சைத் தொற்றுக்குக் கீட்டோகோனசோலும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். இதயத் துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழுந்தார்.

என்ன நடந்தது? கல்லீரலில் சைட்டோக்ரோம் பி450 என்று ஒரு என்சைம் குடும்பம். அதில் 3ஏ4 என்பவர்தான் டெர்ஃபெனடினை ஃபெக்ஸோஃபெனடினாக மாற்றுகிறவர். தும்மலை நிறுத்துவது உண்மையில் இந்த மாறிய பொருள்தான். மாறாத டெர்ஃபெனடினோ இதயச் செல்களின் பொட்டாசியம் வாசலை அடைக்கும். சாதாரணமாக அது ரத்தத்தில் தலைகாட்டுவதே அபூர்வம். கீட்டோகோனசோலோ எரித்ரோமைசினோ வந்து 3ஏ4ஐக் கட்டிப்போட்டால்? திருமலை வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் கதவைச் சாத்தினால் பின்னால் கூட்டம் எப்படி நெருக்கும், அதே கதை.

கிரேப்ஃப்ரூட் சாறும் இந்தக் கதவைச் சாத்தும். கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி குழுவினர், ஒரு பிரஷர் மருந்து ஆய்வில் ஆல்கஹாலின் ருசியை மறைக்க அந்தச் சாற்றைக் கலக்கப் போய்த் தற்செயலாகக் கண்டுபிடித்தது இது. (நம்ம பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட். பம்பளிமாஸிலும் அந்தச் சரக்கு உண்டு :))

1992ல் செல்டேனுக்குக் கடும் எச்சரிக்கை போட்டார்கள். 1996ல் அதே கம்பெனியின் ஃபெக்ஸோஃபெனடின், அதாவது அலெக்ரா, அனுமதி பெற்றது. 1998ல் செல்டேன் போயே போச்சு. மாற்றுச் சரக்கு கைக்கு வந்த பிறகுதான் பழையது போனது என்பது எனக்கு இன்னமும் உறுத்தும். 1999ல் அஸ்டெமிசோலும் அங்கே விலகியது. இந்தியாவில் இரண்டுக்கும் தடை வந்தது 2003ல்தான். அதுவரை நம் சித்தூர்க் கடைத்தெருவில் விற்கவும் சட்டப்படி தடை இல்லை.

இதெல்லாம் தும்மல் மாத்திரை மாட்டிக்கொண்ட கதை. உல்டாவும் உண்டு. பழைய பெனட்ரிலில் உள்ள டைஃபென்ஹைட்ரமின், 2டி6 என்ற இன்னொரு என்சைமைத் தடுக்கும். பிரஷருக்குத் தரும் மெட்டோப்ரோலாலைக் கரைப்பது அதுதான். 2000ல் கியூபெக் ஆய்வாளர்கள் ஆரோக்கியமான ஆண்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மெட்டோப்ரோலால் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கியது, நாடித் துடிப்பும் கூடுதலாகக் குறைந்தது. எழுபது வயதில் ஏற்கெனவே நாடி மெதுவாக ஓடுகிறவருக்கு இது விளையாட்டில்லை. பெயருக்குப் பின்னால் 'பி.எம்.' என்று வரும் இரவு வலி மாத்திரைகள் பலவற்றிலும் இதே டைஃபென்ஹைட்ரமின்தான். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஊரிலிருந்து வந்த மருந்துப் பையை அப்படியே கொண்டுபோய்க் கடையில் இருக்கும் பார்மசிஸ்டிடம் காட்டுங்கள், காசு கேட்கமாட்டார்.

செட்டிரிசினுக்கு இந்தக் கல்லீரல் வம்பு அதிகம் கிடையாது. பெரும்பாலும் மாறாமல் சிறுநீரில் போய்விடும். கிட்னிக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் அளவைக் குறைக்க வேண்டிவரும், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.